செருகலா, ஏறலா? ‘டெலஸ்கோப்பிங்’ என்னும் ரயில் விபத்துச் சொல்

1. கேள்வி

ரயில் விபத்தை எழுத நம் நாளிதழ்களுக்கு நான்கைந்து வினைகள் போதும். ரயில் தடம் புரளும், கவிழும், மோதும். பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும், அல்லது ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும். கடைசி இரண்டும் ஒரே செய்தியில் அடுத்தடுத்த வாக்கியங்களில் வருவதும், ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாக நிற்பதும் வழக்கம். ஆங்கிலம் புழங்கும் ரயில்வே உலகில் செருகலுக்குத் தனியாக ஒரு கலைச்சொல் உண்டு: ‘டெலஸ்கோப்பிங்’. பெரம்பூர் ஐ.சி.எஃப். (இன்டெக்ரல் கோச் ஃபேக்டரி) தொழிற்சாலையில் உருவான பெட்டிகளோடு அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒட்டியிருந்த ‘ஆன்டி-டெலஸ்கோப்பிக்’ என்ற அடைமொழி அதன் எதிர்மறை. அந்தப் பெட்டிகளில் பயணம் செய்த கோடிக்கணக்கானவர்களுக்கு அப்படியொரு அடைமொழி இருப்பதே தெரிந்திருக்காது.

இச்சொல் எங்கிருந்து வந்தது, ஏன் ஒரு குறிப்பிட்ட நாட்டில் பிறந்தது என்பவை இக்கட்டுரையின் முதல் இரண்டு கேள்விகள். மூன்றாவதுதான் முக்கியமானது: இச்சொல் விபத்தைச் சொல்கிறதா, விபத்து முடிந்தபின் கிடக்கும் கோலத்தைச் சொல்கிறதா? செருகல் என்பது கோலம். அதை உண்டாக்குவது பெரும்பாலும் ஏறல் என்பது என் வாதம். இந்த வேறுபாடு சொல்லாராய்ச்சியோடு முடிவதில்லை. எந்தப் பெட்டியை எப்படிக் கட்டுவது, எதை எதோடு கோப்பது, யாரை எங்கே உட்காரவைப்பது என்பதுவரை அது போகிறது.

2. அகராதியின் பதில்

அகராதிகள் சுருக்கமாக முடித்துக்கொள்கின்றன. தொலைநோக்கியின் குழல்கள் ஒன்றுக்குள் ஒன்று அடங்குவதுபோல ரயில் பெட்டிகள் ஒன்றுக்குள் ஒன்று நெருக்குண்டு புகுவது என்பது பொருள். இந்த வினைச்சொல்லுக்கு ஆங்கிலச் சொற்பிறப்பு நூல்கள் சுட்டும் ஆண்டு 1867.

பெயர்ச்சொல்லின் கதை பழையது, கொஞ்சம் சுவாரசியமானதும்கூட. கலிலியோ தன் கருவியை லத்தீனில் ‘பெர்ஸ்பிசில்லும்’ என்றுதான் குறிப்பிட்டுவந்தார். 1611இல் ரோம் நகரில் ஃபெதெரிக்கோ செசி அவருக்கு அளித்த விருந்தில்தான் ‘டெலஸ்கோப்’ என்ற பெயர் அறிவிக்கப்பட்டது. பெயரைக் கட்டியவர் கிரேக்கக் கணித அறிஞர் ஜொவான்னி டெமிசியானி என்பது பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி. கிரேக்கத்தில் ‘டெலெ’ என்றால் தொலைவு, ‘ஸ்கோபெயின்’ என்றால் பார்த்தல். நம்முடைய ‘தொலைநோக்கி’ அதன் நேர் வார்ப்பு. ஆனால் கலிலியோவின் கருவி மடக்கிப் பையில் போடும் பித்தளைக் குழல் அல்ல. கப்பல் தலைவர்களும் படை அதிகாரிகளும் கையில் வைத்திருந்த மடக்குத் தொலைநோக்கி பிற்பாடு பரவியது. ரயில்வே எடுத்துக்கொண்டது அந்தப் பிற்கால வடிவத்தை. பெயரின் இரு பாதிகளான தொலைவும் பார்வையும் உதிர்ந்துபோக, பெயரில் எங்குமே இல்லாத ஒன்று, அதாவது மடங்கும் குழல், வினைச்சொல்லின் முழுப் பொருளாகிவிட்டது.

பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் ஏரியலை உள்ளே தள்ளி மூடியவர்களுக்கு இந்தப் படிமம் உடனே பிடிபடும். பிடிபடுகிற அந்த வேகத்தில்தான் சிக்கலும் இருக்கிறது. ஏரியல் மடங்குவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. அதன் குழல்கள் ஒன்றைவிட ஒன்று சிறியவை. எல்லாம் ஒரே அச்சில் நகர்பவை. மடங்கினாலும் சேதமடையாதவை, மீண்டும் இழுத்தால் நீள்பவை. ரயில் பெட்டிக்கு இவற்றில் ஒன்றுகூடப் பொருந்தாது. அடுத்தடுத்த இரு பெட்டிகளும் ஒரே அகலம், ஒரே உயரம் கொண்டவை. ஒரே அளவுள்ள இரண்டில் ஒன்று மற்றொன்றுக்குள் போகவேண்டுமானால் ஏதாவது ஒன்று கிழிந்தாக வேண்டும். எது கிழிகிறது, ஏன் அது கிழிகிறது என்ற கேள்விகளுக்கு அகராதியிடம் பதில் இல்லை. அது உவமையை விளக்குகிறது, நிகழ்வை விளக்கவில்லை.

3. சொல்லுக்கு முந்தைய விபத்துகள்

நிகழ்வு சொல்லைவிடப் பழையது. 1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிய ரயிலின் முன் இன்ஜினில் அச்சு முறிந்தது. பின்னால் வந்த இன்ஜினும் பெட்டிகளும் அதன்மேல் குவிந்தன, நெருப்பும் பற்றிக்கொண்டது. பெட்டிக் கதவுகள் வெளியிலிருந்து பூட்டப்பட்டிருந்ததால் தப்ப வழியில்லை. அண்டார்க்டிகா கடலோடியான துய்மோன் துர்வில் குடும்பத்தோடு இறந்தது அங்கேதான். இறந்தோர் ஐம்பதுக்கும் மேல்; சரியான எண்ணிக்கை இன்றுவரை சர்ச்சைக்குரியது.

1861 ஆகஸ்ட் 25 அன்று இங்கிலாந்தின் பிரைட்டனுக்கு அருகே கிளேட்டன் சுரங்கத்தில் நடந்தது இன்னும் தெளிவான சாட்சி. சுரங்கத்துக்குள் பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்த ரயிலின் கடைசிப் பெட்டியில் அடுத்த ரயிலின் இன்ஜின் மோதியது. பெட்டியை நொறுக்கி, அதன்மேலேயே ஏறியது. ஏறிய வேகத்தில் அதன் புகைபோக்கி சுரங்கத்தின் கூரையில் போய் இடித்தது. 23 பேர் இறந்தார்கள். இங்கே செருகல் என்ற உருவகத்துக்கே இடமில்லை. கண்ணால் கண்டது ஏறல், எழுதப்பட்டதும் ஏறல்தான்.

வெர்சாய் விபத்திலிருந்து கணக்கிட்டால் ஐரோப்பா கால் நூற்றாண்டுக் காலம் இந்த வகை விபத்தைப் பார்த்தும் ‘டெலஸ்கோப்’ என்ற வினையை உருவாக்கவில்லை. அது அட்லாண்டிக்கின் மறுகரையில் உருவானது. இதைத் தற்செயல் என்று தள்ளிவிட நான் விரும்பவில்லை.

4. ஏன் அமெரிக்கா?

காரணம் பெட்டியின் அமைப்பில் இருக்கிறது. அன்றைய பிரிட்டிஷ் பெட்டி குட்டையானது. குதிரை வண்டியின் அறைகளை வரிசையாக ஒட்டவைத்ததுபோல, குறுக்குச் சுவர்களால் பல அறைகளாகப் பிரிந்தது. இரு முனைகளிலும் பக்கத்துக்கு ஒன்றாக பஃபர்கள் (முட்டலைத் தாங்கும் தட்டுகள்) உண்டு. இது மோதினால் அறை அறையாக உடைந்து சிராய்க் குவியலாகும். அமெரிக்கப் பெட்டியோ நீளமானது. நடுவே ஒரே நடைபாதை, இருபுறமும் இருக்கைகள், குறுக்குச் சுவர் கிடையாது. முனையில் திறந்தவெளி மேடை, அதில் ஏறி இறங்கப் படிகள். பெட்டிகளைக் கோக்க ஒரு வளையமும் முளையும். அந்த இணைப்பில் ஏராளமான தளர்வு. பக்க பஃபர்கள் இல்லை.

இப்படிப்பட்ட இரண்டு பெட்டிகள் மோதினால் என்ன ஆகும்? அந்தத் திறந்த மேடைகள் பெட்டியின் தரைச்சட்டத்துக்கு நேர்க்கோட்டில் இல்லாமல் சற்றுத் தாழ்வாகத் தொங்கின. முட்டும் விசை தரைச்சட்டத்தின் வழியே நேராகப் போகாமல் கோணலாகப் போய், ஒரு பெட்டியின் முனையைத் தூக்கிவிடும். தூக்கிய முனை அடுத்த பெட்டியின் தரைக்கு மேலே வந்ததும், அதைத் தடுக்க எதிரே இருப்பது மெல்லிய மரச்சுவர் ஒன்றுதான். அதை உடைத்தபின் நீண்ட காலியான கூடம், நடுவில் தடுப்பேதும் இல்லை. ஒரு பெட்டியின் தரை மற்றொரு பெட்டியின் இருக்கை மட்டத்தில் முன்னேறிக்கொண்டே போகும். வெளியே நிற்பவருக்கு ஒரு பெட்டி இன்னொன்றை விழுங்கியதுபோல் தோன்றும். குழல்போல் நீண்ட பெட்டி இருந்த நாட்டில்தான் குழல் உருவகம் பிறந்தது. பெட்டியின் உட்புறம் எப்படிப் பிரிக்கப்பட்டிருந்தது என்பது ஒரு மொழியின் சொற்கிடங்கைத் தீர்மானித்த அரிய சந்தர்ப்பங்களில் இது ஒன்று.

5. ஆடம்ஸின் நூல்

இச்சொல் செய்தித்தாள் வழக்கிலிருந்து தொழில்நுட்ப விவாதத்துக்கு வந்துசேர்ந்ததற்கு முக்கியச் சான்று சார்லஸ் பிரான்சிஸ் ஆடம்ஸ் (இளையவர்) 1879இல் வெளியிட்ட ரயில் விபத்துக் குறிப்புகள். இரண்டு அமெரிக்க ஜனாதிபதிகளின் வழித்தோன்றல் இவர். மாசசூசெட்ஸ் மாநில ரயில்வே ஆணையத்தின் உறுப்பினராக இருந்தவர். டெலஸ்கோப்பிங்கையும் அதைத் தடுக்க வந்த மில்லர் மேடையையும் அந்நூல் சேர்த்தே விவாதிக்கிறது.

ஆடம்ஸின் ஆணையத்தை உலுக்கிய விபத்து 1871 ஆகஸ்ட் 26 இரவு ரெவேர் நிலையத்தில் நடந்தது. நின்றுகொண்டிருந்த உள்ளூர் ரயிலின் கடைசிப் பெட்டியில், பின்னால் வந்த எக்ஸ்பிரஸின் இன்ஜின் பாய்ந்து பெட்டியின் பெரும்பகுதியை ஊடுருவி நின்றது. 29 பேர் இறந்தனர். அவர்களில் பலரின் உயிர் போனது கொதிநீராவியிலும் மண்ணெண்ணெய் விளக்குகள் மூட்டிய தீயிலும். இதையும் அன்றைய வழக்கு டெலஸ்கோப்பிங் என்றே குறித்தது. கிளேட்டனில் இன்ஜின் மேலே ஏறியது, இங்கே உள்ளே போனது. விசை ஒன்று, உயரம் மட்டும் வேறு.

எஸ்ரா மில்லர் 1860களில் காப்புரிமை பெற்ற மேடை இந்த நுட்பத்தைச் சரியாகவே பிடித்திருந்தது. தாழ்வாகத் தொங்கிய மேடையை அவர் தரைச்சட்டத்தின் மட்டத்துக்கு உயர்த்தினார். பெட்டிகளைத் தானாகக் கோத்துக்கொள்ளும் கொக்கிகளால் பிணைத்து, இடையே வில்பஃபர்களை வைத்துத் தளர்வில்லாமல் இறுக்கினார். முட்டும் விசை சட்டத்திலிருந்து சட்டத்துக்கு நேராகப் போனால் எந்த முனையும் எழும்பாது. எழும்பாவிட்டால் செருகாது.

இந்த இடத்தில் என் வாதத்துக்கு எதிராக ஒன்றைச் சொல்லலாம். டெலஸ்கோப்பிங் என்ற உருவகம் காரணத்தை மறைக்கிறது என்றால், அதே சொல்லைப் பயன்படுத்திய மில்லர் எப்படிச் சரியான தீர்வைக் கண்டார்? நியாயமான ஆட்சேபம்தான். சொல் பொறியாளரின் கண்ணைக் கட்டிவிடவில்லை. அது கட்டியது பொறியாளர் அல்லாதவர்களின் கண்ணை என்று திருத்திச் சொல்கிறேன். செய்தி வாசிப்பவர், நட்டஈட்டு வழக்கைக் கேட்பவர், நிதி ஒதுக்குபவர் எல்லோரும் ‘பெட்டி பலமில்லாததால் உள்ளே புகுந்துவிட்டது’ என்றே புரிந்துகொண்டார்கள். பலமான பெட்டி வேண்டும் என்ற கோரிக்கை அங்கிருந்து எழுந்தது. கோரிக்கை தவறில்லை, பாதி சரி. மற்றப் பாதியின் விலை அடுத்த நூற்றாண்டில்தான் தெரிந்தது.

6. அடிச்சட்டம் கத்தியாகும்போது

பெட்டியை வலுப்படுத்த முதலில் வலுவாக்கப்பட்டது அடிச்சட்டம். மரச்சட்டத்துக்குப் பதில் இரும்பும் பிறகு எஃகும் வந்தன. அதன்மேல் உட்கார்ந்திருந்த கூடு மட்டும் மரமாகவே நீடித்தது. நீளவாக்கில் வரும் விசை முழுவதையும் அடிச்சட்டமே தாங்கும். மேற்கூட்டின் வேலை மழையையும் வெயிலையும் தடுப்பது. சாதாரண ஓட்டத்துக்கு இது நல்ல ஏற்பாடு. மோதலில் இதுவே ஆபத்து. ஒரு பெட்டியின் எஃகு அடிச்சட்டம் ஓரடி உயர்ந்தாலும் போதும், அடுத்த பெட்டியின் அடிச்சட்டத்தைத் தாண்டி மரக்கூட்டை அடியோடு சீவிக்கொண்டு போய்விடும். அடிச்சட்டம் எவ்வளவு உறுதியோ அவ்வளவு கூர்மை.

முனை ஏன் உயர்கிறது என்பதற்குப் பெரிய மர்மம் இல்லை. அவசர பிரேக்கில் பெட்டியின் முன்முனை தாழ்ந்து பின்முனை எழும். சக்கரம் தேய்ந்த பெட்டியும் புதுச் சக்கரம் போட்ட பெட்டியும் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. நிறைய ஆள் ஏறிய பெட்டியும் காலிப் பெட்டியும் அப்படித்தான். வட்டத் தட்டுபோல் இருக்கும் பக்க பஃபர்கள் மேலும் கீழும் வழுக்குவதைத் தடுக்க அவற்றில் எதுவும் இல்லை. அங்குல வித்தியாசத்தில் தொடங்குவது விநாடிக்குள் அடிக்கணக்காகிறது.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. குழல் உருவகம் இரு பக்கமும் சமமாக நடப்பதுபோல ஒரு பிரமையைத் தருகிறது. உண்மையில் ஏறிய பெட்டியில் இருப்பவர்கள் காயத்தோடு தப்புவதும், ஏறப்பட்ட பெட்டியில் இருப்பவர்கள் இருக்கையிலேயே மடிவதும் உண்டு. இந்த இரு கதிகளையும் பிரித்தது கோத்திருந்த வரிசையும் சில அங்குல உயரமும்.

மரக்கூட்டின் கதி எதுவரை போகும் என்பதற்கு ஸ்காட்லாந்தின் குவின்டின்ஸ்ஹில் சாட்சி. 1915 மே 22 அன்று போர்முனைக்குப் புறப்பட்ட ராயல் ஸ்காட்ஸ் வீரர்களின் ரயில் அங்கே நின்றிருந்த வண்டியில் மோதியது. 213 கஜ நீளமிருந்த படை ரயில் 67 கஜமாகச் சுருங்கியது. விளக்கெரிக்கப் பெட்டிகளில் வைத்திருந்த எரிவாயு தீயை மூட்டியது. இறந்தோர் 220க்கும் மேல். 213, 67 என்ற இரண்டு எண்களைப் பார்த்தால் டெலஸ்கோப்பிங்குக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை என்றே தோன்றும். ஆனால் அங்கே குழலுக்குள் குழல் போகவில்லை. பழைய மரப்பெட்டிகள் நொறுங்கின, ஏறின, கவிழ்ந்தன. எல்லாம் சேர்ந்த கூட்டுத்தொகைதான் அந்தச் சுருக்கம். நீளம் குறைந்த எந்த ரயிலையும் ‘டெலஸ்கோப் ஆனது’ என்று சொல்லிவிட்டால் எப்படிக் குறைந்தது என்ற விசாரணை அங்கேயே நின்றுவிடும்.

7. புதிய சொல்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நகர ரயில்களில் ஒரு சிறு சாதனம் தோன்றியது. நியூயார்க் சுரங்க ரயில் நிறுவனத்தின் உயர் அதிகாரி ஃபிராங்க் ஹெட்லியின் பெயரோடு சேர்த்துப் பேசப்படுவது அது. பெட்டியின் முனையில் கிடைமட்டமாகப் பல வரிகள் ஓடும் எஃகுத் தட்டு. மோதும்போது இரு பெட்டிகளின் வரிகளும் பல்லோடு பல்லாகக் கவ்விக்கொள்ளும், அதன்பின் மேலும் கீழும் நகர வழியில்லை. இந்தச் சாதனத்துக்கு நிலைத்த பெயர் ‘ஆன்டி-கிளைம்பர்’, அதாவது ஏறல் தடுப்பான். கோலத்தைச் சொன்ன சொல்லின் பக்கத்தில் காரணத்தைச் சொல்லும் சொல் வந்து உட்கார்ந்தது.

பிரிட்டனில் இந்த மாற்றம் மெதுவாக நடந்தது. 1952 அக்டோபர் 8 அன்று ஹாரோவில் மூன்று ரயில்கள் மோதி 112 பேர் இறந்தனர். பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து, நடைமேம்பாலத்தின் கீழ் ஒரு குன்றாகக் கிடந்தன. அதற்குச் சற்றுமுன் அறிமுகமாகியிருந்த ‘மார்க் 1’ எஃகுப் பெட்டி பழையவற்றைவிட எவ்வளவோ மேல். இருந்தும் அது தனி அடிச்சட்டத்தின்மேல் கூட்டை வைத்த பழைய தத்துவத்தையே பின்பற்றியது. 1999இல் வந்த பிரிட்டிஷ் ரயில்வே பாதுகாப்பு விதிகள் அந்த வகைப் பெட்டிகளை ஓட்டத்திலிருந்து விலக்கின. பெட்டி மேல் பெட்டி ஏறுவதைத் தடுக்கும் மாற்றம் செய்தவற்றுக்கு விலக்கு இருந்தது. விதி எதைப் பார்க்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நீளவாக்கு வலிமைக்கு அடிச்சட்டத்தை நம்பியிருக்கும் பெட்டியா, ஏறல் தடுக்கப்பட்டிருக்கிறதா என்பவைதான் அதன் அளவுகோல்கள். விபத்தைச் சட்டமொழியில் எழுத வேண்டி வந்தபோது குழல் உருவகம் பயன்படவில்லை.

தொழில்நுட்பத்தில் இப்படிப் பின்தங்கிய சொல் வெளியே செழித்தது. பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலத்திலிருந்து வாங்கிய ‘தெலெஸ்கோபாஜ்’ இன்று அவர்களிடம் எந்த வாகன மோதலுக்கும் பொருந்தும். இரு சொற்கள் கலந்து ஒன்றாவதற்குக்கூட அதைச் சொல்கிறார்கள். கருத்துக்கணிப்பு ஆய்வாளர்களிடம் இன்னொரு வாழ்வு. பழைய நிகழ்ச்சியை அண்மையில் நடந்ததாக நினைத்துப் பதில் சொல்லும் மனப்பிழையை, வீட்டுச் செலவுக் கணக்கெடுப்பு பற்றிய நெட்டர், வாக்ஸ்பர்க் இருவரின் 1964ஆம் ஆண்டு ஆய்வுக்குப் பின் ‘டெலஸ்கோப்பிங்’ என்றே அழைக்கிறார்கள். ரயில்வே உதிர்த்த தொலைவு உளவியலில் திரும்ப ஒட்டிக்கொண்டது வேடிக்கைதான்.

8. பெரம்பூர்

இந்தியாவில் சுதந்திரத்தின்போது ஓடியவற்றில் மரக்கூடு கொண்ட பெட்டிகள் ஏராளம். அவற்றுக்கு மாற்றாகச் சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பேரில் பெரம்பூரில் தொழிற்சாலை எழுந்தது. 1955 அக்டோபர் 2 அன்று நேரு அதைத் தொடங்கிவைத்தார். அடுத்த ஆண்டு நவம்பரில் நடந்த அரியலூர் விபத்தையும் இந்தப் பெட்டிகளின் வரவையும் ஒரே கதையாகக் கோத்துச் சொல்ல ஆசை வரும். ஆனால் அரியலூரில் போனது மீட்டர்கேஜ் ரயில். காரணம் மருதையாற்று வெள்ளம் பாலத்தருகே பாதையை அரித்தது. பெட்டிகள் ஆற்றில் விழுந்தன. அது வேறு வகை விபத்து, அன்றைய ரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரியின் பதவி விலகலால் நினைவில் நிற்பது.

பெரம்பூர்ப் பெட்டியின் புதுமை தனி அடிச்சட்டம் என்ற தத்துவத்தைக் கைவிட்டதில் இருக்கிறது. தரை, பக்கச்சுவர், கூரை எல்லாவற்றையும் எஃகில் செய்து பற்றவைத்து ஒரே கூடாக்கினார்கள். விசையை முழுக்கூடும் பகிர்ந்துகொள்ளும். ஆலையின் பெயரில் உள்ள ‘இன்டெக்ரல்’ என்ற சொல் குறிப்பது இதைத்தான். பெட்டியின் முனைச்சுவரில் செங்குத்தாக நான்கு தடித்த எஃகுத் தூண்கள் உண்டு. வாஷ்பேசினுக்கும் கழிப்பறைக்கும் அப்பால், அடுத்த பெட்டிக்குப் போகும் வழியின் இருபுறமும் அவை தகட்டுக்குள் மறைந்திருக்கின்றன. மோதலின் ஆற்றலில் பெரும்பங்கை அவை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது வடிவமைப்பு. படுக்கைகள் தொடங்குவது கழிப்பறைகளுக்குப் பிறகு. அந்த இடைவெளியும் ஒரு தடுப்புத்தான். எதிரே வருவது எதுவானாலும் உள்ளே புகவிடக் கூடாது என்ற எண்ணம் இந்தக் கட்டுமானம் முழுவதிலும் தெரிகிறது. ‘ஆன்டி-டெலஸ்கோப்பிக்’ என்ற பெயர் அதற்கு முற்றும் தகும்.

ஆனால் பெட்டிகளை இணைத்தது பழைய திருகுக் கொக்கிதான். இருபுறமும் பழைய பஃபர்கள்தான். ஓடிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான பெட்டிகளோடு புதியவற்றையும் கோத்தாக வேண்டும் என்பதால் அதற்கு நடைமுறை நியாயம் இருந்தது. விளைவு, புகுவதற்குத் தடை வந்தது, ஏறுவதற்கு வரவில்லை. 1995 ஆகஸ்டில் ஃபிரோசாபாத், 1998 நவம்பரில் கன்னா, 1999 ஆகஸ்டில் கைசால் என நான்கே ஆண்டுகளில் மூன்று பெரும் மோதல்கள் நடந்து, ஒவ்வொன்றிலும் 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்த புகைப்படங்கள் அந்தக் காலத்து நாளிதழ்களில் வந்தன. ‘ஆன்டி-டெலஸ்கோப்பிக்’ என்ற அடைமொழியை இந்த மோதல்கள் பொய்யாக்கிவிட்டன என்று சொல்லத் தோன்றும். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அந்த அடைமொழி ஏறலைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. வாக்குறுதி முழுமையானது என்று நாம்தான் எடுத்துக்கொண்டோம்.

ஜெர்மனியின் லிங்கே-ஹோஃப்மான்-புஷ் வடிவமைப்பிலிருந்து வந்த எல்.எச்.பி. பெட்டி இந்த விடுபாட்டை நிரப்புகிறது. பக்க பஃபர்கள் போய், நடுவில் ஒரே கொக்கி. பூட்டிய இரு கைகள்போல அது ஒன்றையொன்று கவ்வுகிறது. கோத்தபின் மேலும் கீழும் நழுவாது. இந்தப் பெட்டிக்கு ரயில்வே தரும் விளக்கங்களில் ‘ஆன்டி-கிளைம்பிங்’ என்ற சொல் தவறாமல் வரும். அனில் ககோட்கர் தலைமையிலான பாதுகாப்புக் குழு 2012இல் பழைய வடிவத்தைக் கைவிட்டு எல்.எச்.பி.க்கு முழுமையாக மாறச் சொன்னது. பெரம்பூரின் கடைசிப் பழைய வடிவப் பெட்டி 2018 ஜனவரியில் வெளியேறியது.

9. இரண்டு லூப் லைன்கள்

2023 ஜூன் 2 மாலை, ஒடிசாவின் பாஹாநாகா பஜார் நிலையத்தில், சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் நேர்வழியில் போகவேண்டியது, லூப் லைனில் (நிலையத்தில் ரயிலை ஒதுக்கி நிறுத்தும் பக்கத்தடத்தில்) நுழைந்து இரும்புத்தாது ஏற்றி நின்ற சரக்கு ரயிலில் மோதியது. வேகம் ஏறக்குறைய மணிக்கு 128 கிலோமீட்டர். இன்ஜின் சரக்கு வேகன்மேல் ஏறி நின்றது. தடம் புரண்ட பெட்டிகளில் எதிர்த்தடத்து ரயிலும் மாட்டிக்கொண்டது. 290க்கும் அதிகமானோர் இறந்தனர். 2024 அக்டோபர் 11 இரவு கவரைப்பேட்டையில் மைசூரு–தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ் அதேபோல லூப் லைனில் புகுந்து, நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. பத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் புரண்டன, சில எரிந்தன, பலர் காயமடைந்தனர், ஒருவரும் இறக்கவில்லை. இரண்டு ரயில்களும் எல்.எச்.பி. பெட்டிகள் கொண்டவை.

இவற்றை வைத்து எல்.எச்.பி. காப்பாற்றியது என்றோ கைவிட்டது என்றோ தீர்ப்பெழுத முடியாது. வேகம், எதிரே நின்ற பாரம், எதிர்த்தடத்தில் இன்னொரு ரயில் இருந்ததும் இல்லாததும் என்று மாறிகள் பல. சொல்லின் வரலாற்றுக்குப் பயன்படும் சேதி வேறு. கொக்கி ஏறலைத் தடுப்பது பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையில்தான். இன்ஜினுக்கும் எதிரே நிற்கும் சரக்கு வேகனுக்கும் இடையில் அப்படி எந்தப் பூட்டும் கிடையாது. பாஹாநாகாவில் ஏறல் நிகழ்ந்தது சரியாக அந்த இடத்தில். ‘ஆன்டி-கிளைம்பிங்’ என்ற அடைமொழிக்கும் எல்லை உண்டு என்பதை அது காட்டுகிறது.

கடைசியாக ஒரு நடைமுறை விதி. ரயிலில் பெட்டிகளைக் கோக்கும் வரிசைக்கு ரயில்வே தனிக் கட்டளைகள் வைத்திருக்கிறது. மரப்பெட்டியும் எஃகுப் பெட்டியும் கலந்து ஓடிய காலத்தில், ‘ஆன்டி-டெலஸ்கோப்பிக்’ பெட்டிகளை எங்கே வைப்பது என்பது அவற்றில் எழுதப்பட்டிருந்தது. இன்ஜினை அடுத்தும் ரயிலின் கடைசியிலும் கார்டு பெட்டி வரும். அதிலும் பார்சல் ஏற்றும் பகுதி வெளிப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். முதல் அடியை மூட்டை வாங்கட்டும், மனிதர் வாங்க வேண்டாம் என்பது கணக்கு. டெலஸ்கோப்பிங்கைப் புரிந்துகொண்டு எழுதிய விதி அது.

அந்த மூட்டைகளுக்கு அடுத்தபடி இருப்பது யார்? நம் எக்ஸ்பிரஸ்களில் பெரும்பாலும் முன்பதிவில்லாத பொதுப்பெட்டிகள்தாம் இரு முனைகளிலும் நிற்கின்றன. ஏ.சி. பெட்டிகள் நடுவில். நடைமேடையில் கூட்டத்தைப் பிரிப்பது, டிக்கெட் இல்லாதவர் முன்பதிவுப் பெட்டிக்குள் புகாமல் தடுப்பது என்று இதற்குக் காரணங்கள் சொல்லப்படுகின்றன. பாஹாநாகாவில் இன்ஜினுக்குப் பின்னாலிருந்த பொதுப்பெட்டிகளில் வேலை தேடித் தெற்கே வந்தவர்கள் நெருக்கியடித்து நின்றிருந்தார்கள். முன்பதிவில்லாத பயணத்தில் பெயர்ப்பட்டியல் கிடையாது. உடல்களை அடையாளம் காண்பது மாதக்கணக்கில் இழுத்தது.